ஜான்ஸ் ஹாப்கின்ஸ்: குடும்பம் சொன்ன கதையும் அரசு எழுதிய பதிவும்

2020-இல் கொரோனா பரவியபோது, உலகில் எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் இறந்தனர் என்ற கணக்கைத் தமிழ் நாளிதழ்களும் நாள்தோறும் வெளியிட்டன. பெரும்பாலும் அந்தக் கணக்கு அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று அப்பல்கலைக்கழகம் தன்னைப் பற்றியே ஒரு செய்தியை அறிவித்தது. தன் நிறுவனர் 1840-இலும் 1850-இலும் அடிமைகளை வைத்திருந்ததாக அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவுகள் காட்டுகின்றன என்றது. அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட குவேக்கர், கறுப்பின மக்களின் நண்பர் என்றுதான் அதுவரை அவரை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தி வந்தார்கள்.

அறிவிப்பு வந்த சில மாதங்களிலேயே அதை மறுத்தும் வரலாற்றாளர்கள் எழுதினார்கள். இன்றுவரை வாதம் முடியவில்லை. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கொடையாளர்களில் ஹாப்கின்ஸ் அளவுக்குப் பெயர் நிலைத்தவர்கள் குறைவு. அவரளவுக்குச் சொந்த வாழ்க்கையின் தடயம் அற்றவர்களும் குறைவு. கடிதங்களோ நாட்குறிப்போ அதிகம் மிஞ்சவில்லை. மனைவி இல்லை, மக்கள் இல்லை. ஆகவே அவரை அறிய நமக்கு மூன்று வழிகளே உள்ளன: குடும்பத்தார் சொன்ன நினைவுகள், அரசு அலுவலர்கள் எழுதிய பதிவுகள், அவரே எழுதிவைத்த உயிலும் அறங்காவலர்களுக்கான கடிதமும். மூன்றும் வெவ்வேறு நோக்கத்தில் உருவானவை, ஒன்றுக்கொன்று முரண்படுபவை. ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

புகையிலைத் தோட்டத்தில் ஒரு குவேக்கர் வீடு

ஹாப்கின்ஸ் 1795 மே 19 அன்று மேரிலாந்து மாநிலத்தின் ஆன் அருண்டெல் வட்டாரத்தில் பிறந்தார். வீடு இருந்தது சுமார் 500 ஏக்கர் பரப்புள்ள ஒரு புகையிலைத் தோட்டத்தில். தந்தை சாமுவேல் ஹாப்கின்ஸ்; தாய் ஹன்னா ஜேனி, வர்ஜீனியாவின் குவேக்கர் குடும்பத்தைச் சேர்ந்தவர். பதினொரு பிள்ளைகளில் ஜான்ஸ் இரண்டாமவர். 'ஜான்' என்று இல்லாமல் 'ஜான்ஸ்' என்று பெயர் அமைந்ததற்குக் காரணம் எளியது. கொள்ளுப்பாட்டி மார்கரெட்டின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் ஜான்ஸ். அதை அவர் தன் மகனுக்கு முதற்பெயராக இட்டார். தாத்தாவின் அந்தப் பெயர் பேரனுக்கு வந்தது.

குவேக்கர்கள் என்போர் 'நண்பர்கள் சங்கம்' எனப்படும் கிறிஸ்தவப் பிரிவினர். பாதிரியார் கிடையாது, எளிய உடை, எளிய பேச்சு. சங்கத்தின் விதியை மீறினால் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். 1770-களின் இறுதியில் மேரிலாந்துக் குவேக்கர்கள், உறுப்பினர் எவரும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்தார்கள். புகையிலை பயிரிடும் குடும்பங்களுக்கு இது லேசான விதியன்று. புகையிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். நாற்று விடுவது, நடுவது, கொழுந்து கிள்ளுவது, புழு பொறுக்குவது, இலை அறுப்பது, உலர்த்துவது என்று வேலை ஓயாது. அந்த வட்டாரத்தில் அதைச் செய்தவர்கள் அடிமைகளே.

குடும்பக் கதை இங்கேதான் தொடங்குகிறது. 1807-இல் தந்தை சாமுவேல் மனச்சாட்சிக்குக் கட்டுப்பட்டு தோட்டத்து அடிமைகள் அனைவரையும் விடுவித்தாராம். அதனால் 12 வயதுச் சிறுவன் ஜான்ஸ் பள்ளியை விட்டு வயலில் இறங்க வேண்டியதாயிற்றாம். படிப்பை இழந்த அந்தச் சிறுவன்தான் பின்னாளில் பல்கலைக்கழகம் அமைத்தான் என்று கதை அழகாக முடியும். இந்தக் கதையின் மெய்ப்பொய்யைப் பிறகு பார்ப்போம். 1812-இல், 17 வயதில், ஜான்ஸ் ஊரை விட்டு பால்டிமோருக்குப் போனார் என்பது உறுதி. அங்கே சித்தப்பா ஜெரார்டு ஹாப்கின்ஸ் மொத்த மளிகை வியாபாரம் நடத்திவந்தார்.

மளிகை, விஸ்கி, ரயில்

அன்றைய பால்டிமோர் வேகமாக வளர்ந்த துறைமுகம். 1830-இல் மக்கள்தொகையில் நாட்டின் இரண்டாவது பெரிய நகரமாகிவிட்டது. மேற்கே மலைக்கு அப்பாலிருந்து தானியமும் மாவும் வந்து இறங்கும். கிழக்கே கடல்வழி வந்த சர்க்கரை, காப்பி, உப்பு உள்நாட்டுக்கு ஏறும். சித்தப்பா வீட்டிலேயே தங்கி ஜான்ஸ் தொழில் படித்தார். குவேக்கர் சபை வேலையாகச் சித்தப்பா ஒஹாயோ சென்றிருந்தபோது கடை முழுவதும் அந்த இளைஞர் பொறுப்பில் இருந்ததாகவும், ஆங்கிலேயப் படை நகரைத் தாக்கிய காலத்திலும் வியாபாரத்தைக் குறையவிடாமல் நடத்தியதாகவும் குடும்பத்தார் சொல்வார்கள்.

1819-இல் நாடெங்கும் பணமுடை. வாங்குவோரிடம் ரொக்கம் இல்லை. சரக்குக்கு ஈடாகச் சோள விஸ்கியைத் தருகிறோம் என்றார்கள். வாங்கிக்கொள்ளலாம் என்றார் ஜான்ஸ். சாராய வியாபாரம் ஆகாது என்றார் சித்தப்பா. அத்தோடு இருவரும் பிரிந்தார்கள். சிறிது காலம் ஒரு கூட்டாளியுடனும், பிறகு தன் உடன்பிறந்தவர்கள் மூவருடனும் சேர்ந்து ஜான்ஸ் கடை நடத்தினார். 'ஹாப்கின்ஸ் அண்டு பிரதர்ஸ்' என்ற அந்த நிறுவனத்தின் சரக்கு கொனெஸ்டோகா எனப்படும் பெரிய கூண்டு வண்டிகளில் வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்குக்குப் போகும். திரும்பும் வண்டியில் விஸ்கி வரும். அதைத் தன் பெயரிலேயே முத்திரையிட்டு விற்றார். குவேக்கர் சங்கம் அவரைச் சிலகாலம் விலக்கிவைத்தது, பின்னர் சேர்த்துக்கொண்டது. இந்த ஒரு நிகழ்ச்சி அவருடைய குணத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது. சங்கத்தின் கட்டளையை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் அல்லர் அவர். லாபம் ஒருபுறமும் சபை விதி ஒருபுறமும் நின்றபோது, லாபத்தின் பக்கம் போய்ப் பிறகு சபையோடு சமாதானம் செய்துகொண்டார்.

பெரும் செல்வம் வந்தது மளிகையிலிருந்து அல்ல, வட்டியிலிருந்தும் பங்குகளிலிருந்தும். 1847-இல் கடையை விட்டு விலகி முழுநேர முதலீட்டாளர் ஆனார். வணிகர் வங்கி ஒன்றின் தலைவராக இருந்தார். கைமாற்றுப் பத்திரங்களுக்குப் பொறுப்பேற்றார். நகரில் கிடங்குகள் கட்டினார். எல்லாவற்றுக்கும் மேலாக, 1827-இல் தொடங்கிய பால்டிமோர்–ஒஹாயோ ரயில்வேயில் பணத்தைப் போட்டார். பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச்செல்லும் பொது ரயில்பாதையாக அமெரிக்காவில் முதலில் தொடங்கியது அதுதான். 1847-இல் அதன் இயக்குநர். 1855-இல் நிதிக்குழுத் தலைவர். தனியார் பங்குதாரர்களில் அவரிடமே அதிகப் பங்கு இருந்தது. 1857-இலும் 1873-இலும் பணச்சந்தை சரிந்தபோது தன் கைப்பணத்தைக் கொடுத்து ரயில்வேயைத் தாங்கினார். உள்நாட்டுப் போரில் அவரும் ரயில்வேத் தலைவர் ஜான் கேரட்டும் லிங்கனின் ஒன்றிய அரசின் பக்கம் நின்றார்கள். அடிமை முறை சட்டப்படி நீடித்த, தெற்கத்திய அனுதாபம் மிகுந்த ஒரு நகரில் இது எல்லோரும் எடுத்த நிலை அன்று.

மணமாகாத வீடு

சித்தப்பா வீட்டில் தங்கியிருந்த நாட்களில் அவருடைய மகள் எலிசபெத்தை ஜான்ஸ் விரும்பினார். சித்தப்பா மகள் என்றால் நமக்குத் தங்கை முறை, கேட்கவே கூசும். குவேக்கர்களுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. மாமன் மகளோ சித்தப்பா மகளோ, ஒன்றுவிட்ட உறவில் எந்தத் திருமணமும் ஆகாது என்பது அவர்கள் விதி. சித்தப்பா சம்மதிக்கவில்லை. இருவரும் கடைசிவரை வேறு யாரையும் மணக்கவில்லை, நட்பும் முறியவில்லை. எலிசபெத் வாழ ஒரு வீட்டை ஜான்ஸ் உயிலில் எழுதிவைத்தார்.

இதனால் அவருடைய வீடு என்பது தாய், சகோதரிகள், வந்துபோகும் மருமக்கள், வேலையாட்கள் என்றே இருந்தது. நகரில் சரட்டோகா தெருவில் ஒரு வீடு. கோடைக்கு நகருக்கு வெளியே கிளிஃப்டன் என்ற மாளிகையும் தோட்டமும். தனக்கென்று செலவு செய்வதில் கை இறுகியவர் என்று பெயர். குளிர்காலத்திலும் மேலங்கி போடமாட்டார், வண்டி இருந்தும் நடந்தே போவார் என்றெல்லாம் சொல்வார்கள். வீட்டு வேலையாட்களில் கறுப்பினத்தவர் இருந்தனர். அவர்களில் சிலருக்கு உயிலில் பணமும் ஒருவருக்கு வீடும் கிடைத்தன. அந்த வேலையாட்கள் யார், எந்த நிலையில் வேலை செய்தார்கள் என்பதே இன்றைய வாதத்தின் மையம்.

பேத்தி எழுதிய புத்தகம்

அவரைப் பற்றிய முதல் முழு வாழ்க்கை வரலாறு 1929-இல் வந்தது. எழுதியவர் ஹெலன் ஹாப்கின்ஸ் தாம். உடன்பிறந்தவர் வழிப் பேத்தி. வெளியிட்டது ஹாப்கின்ஸ் பெயரில் அமைந்த பல்கலைக்கழகத்தின் பதிப்பகம். 1807 விடுதலை, வயலில் இறங்கிய சிறுவன், எலிசபெத் காதல், அடிமை ஒழிப்பு ஆர்வம் என நாம் அறிந்த கதைகள் பெரும்பாலும் இந்நூல் வழியே பரவியவை. ஹாப்கின்ஸ் இறந்து 56 ஆண்டு கழித்து, குடும்பப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதைக் கொண்டு எழுதிய நூல் அது. அதைப் பொய் என்று தள்ளவேண்டியதில்லை. ஆனால் ஆவணம் என்று கொள்ளவும் முடியாது. பின்னர் எழுதியவர்கள் பலர் அதை ஆவணமாகவே எடுத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகமும் விழா மலர்களிலும் இணையப் பக்கங்களிலும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னது.

1807 கதையைத் தாங்கும் பத்திரம் எதையும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் அடிமைகளை விடுவித்த செயல் ஒன்றுமே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. குவேக்கர் சங்கம் விதி வகுத்த 1770-களிலேயே, தாத்தா காலத்தில், விடுதலை ஏற்பாடுகள் நடந்துள்ளன. தாத்தா செய்தது தந்தையின் பெயரில் ஏறி, ஆண்டும் தள்ளிப்போய், சிறுவனின் படிப்பு நின்ற கதையோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். எந்தக் குடும்பத்திலும் இரண்டு தலைமுறை தாண்டிய செய்தி இப்படித்தான் மாறும். இதில் சூழ்ச்சி தேட வேண்டியதில்லை. ஆனால் இந்த மாற்றத்தால் கதையில் ஒரு பெரிய சலுகை நுழைந்துவிட்டது. சிறுவயதிலேயே அடிமை முறையோடு உறவு அறுந்துவிட்டதாகக் கதை சொல்வதால், அதற்குப் பிந்திய 60 ஆண்டுகளைப் பற்றி யாரும் கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

1850-இன் அட்டவணை

அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகை எடுப்பார்கள். 1840 கணக்கெடுப்பில் குடும்பத் தலைவரின் பெயரை மட்டும் எழுதி, வீட்டிலுள்ள மற்றவர்களை வயது, பால், நிறம், அடிமையா சுதந்திரமானவரா என்று எண்ணிக்கையாகப் போட்டார்கள். ஹாப்கின்ஸ் வீட்டில் ஓர் அடிமை என்று அதில் உள்ளது. 1850-இல் முறை மாறியது. சுதந்திரமானவர்கள் ஒவ்வொருவரும் பெயரோடு ஒரு தாளில். அடிமைகள் வேறு ஒரு தாளில். அந்த அடிமை அட்டவணையில் முதல் பத்தி அடிமை உடைமையாளரின் பெயர். அடுத்த பத்திகளில் அடிமைக்கு வரிசை எண், வயது, பால், நிறம். பெயர் எழுத இடமே இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற பெயரின் கீழ் நான்கு ஆண்கள் அப்படிப் பதிவாகியுள்ளனர். 1860 கணக்கெடுப்பில் அவர் பெயரில் அடிமை எவரும் இல்லை.

வரலாற்றாளர் மார்த்தா ஜோன்ஸ் தலைமையில் பல்கலைக்கழகம் மேற்கொண்ட ஆய்வு இந்தப் பதிவுகளை முன்வைத்தது. ஹாப்கின்ஸின் வணிக நிறுவனம் கடனை வசூலிக்க அடிமைகளை ஈடாகப் பெற முயன்ற சான்றுகளையும் சேர்த்தது. அவர் அடிமை ஒழிப்பு இயக்கத்தவர் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் அறிவித்தது.

மறுத்தவர்களில் முக்கியமானவர் மேரிலாந்து மாநில ஆவணக் காப்பகத்தின் முன்னாள் தலைவர் எட்வர்ட் பேப்பன்ஃபியூஸ். கணக்கெடுப்புத் தாளை மட்டும் வைத்து உடைமையைத் தீர்மானிக்க முடியாது, வரிப் பதிவுகளோடும் சொத்துப் பத்திரங்களோடும் ஒப்பிட வேண்டும் என்பது அவர் தரப்பு. இது தட்டிக்கழிக்கக் கூடிய வாதம் அல்ல. 1850-இல் கணக்கெடுத்த அலுவலர்களுக்கு அரசு தந்த அறிவுறுத்தலைப் பார்த்தால் காரணம் புரியும். எந்த வீட்டில் அல்லது தோட்டத்தில் அடிமை வேலை செய்கிறாரோ அந்த வீட்டுக்காரரையே உடைமையாளராக எழுதிக்கொள்ளலாம். அடிமைகள் எத்தனை பேர் என்று அறிவதே முக்கியம், உடைமையாளர்கள் எத்தனை பேர் என்பதல்ல என்று அந்த அறிவுறுத்தல் சொல்கிறது. ஆகவே, பட்டியலில் ஒருவர் பெயருக்குக் கீழே இருப்பவர்கள் அவர் விலைக்கு வாங்கியவர்களாகவும் இருக்கலாம். வேறொருவரிடமிருந்து வாடகைக்கு அமர்த்தியவர்களாகவும் இருக்கலாம்.

பால்டிமோரில் அடிமையை வாடகைக்கு விடுவது அன்றாட வழக்கம். கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் அந்த நகரில்தான் வளர்ந்தார். கப்பல் கட்டும் இடங்களில் பலகை இடுக்கை அடைக்கும் வேலைக்கு அவரை விட்டார்கள். வாரக் கூலியை அப்படியே எசமானிடம் கொடுத்துவிட வேண்டும். 1838-இல் அங்கிருந்துதான் அவர் தப்பிப்போனார். 1860-இல் அந்நகரில் சுமார் 25,000 சுதந்திரக் கறுப்பினத்தவர் இருந்தார்கள். அமெரிக்க நகரங்களில் அதுவே மிகப் பெரிய எண்ணிக்கை. அடிமைகள் 2,200 சொச்சம் மட்டுமே. இருவகையினரும் ஒரே தெருவில், ஒரே வீட்டில்கூட வேலை செய்தார்கள்.

மறுவாதத்தை முழுவதும் ஏற்றுக்கொண்டாலும் மிஞ்சுவது என்ன? விலைக்கு வாங்காமல் வாடகைக்கு அமர்த்தியிருந்தால் ஹாப்கின்ஸ் கொடுத்த கூலி வேறொரு எசமானின் பைக்குப் போயிருக்கும். வேலை செய்தவருக்கு வித்தியாசம் ஒன்றுமில்லை. சட்டப்படி உடைமையாளர் யார் என்பது ஹாப்கின்ஸின் வரலாற்றுக்கு முக்கியமான கேள்வி. அந்த நால்வரின் வாழ்க்கைக்கு அல்ல. விடுதலை செய்யும் நோக்கத்தோடு அவர்களை வாங்கியிருக்கலாம் என்பதும் நினைத்துப் பார்க்கக்கூடியதே. அப்படி நடந்த வழக்கங்கள் உண்டு. ஆனால் அதைச் சொல்பவர்கள் விடுதலைப் பத்திரத்தைக் காட்ட வேண்டும். தயவான விளக்கம் என்பதற்காக ஒன்றைச் சான்றின்றி ஏற்க முடியாது.

1873 மார்ச் கடிதம்

பால்டிமோர் வணிகர்களிடையே பெருங்கொடை ஒரு வழக்கமாகவே இருந்தது. ஜார்ஜ் பீபடி நூலகமும் இசைப்பள்ளியும் சேர்ந்த ஒரு நிலையத்துக்குக் கொடுத்தார்; மோசஸ் ஷெப்பர்டு மனநோயாளர் இல்லத்துக்கு; இரும்புச் சாமான் வணிகர் இனாக் பிராட் பின்னாளில் நகர நூலகத்துக்கு. பீபடியைக் கேரட்டின் வீட்டில் சந்தித்துப் பேசியது ஹாப்கின்ஸின் மனதை உறுதிப்படுத்தியது என்பார்கள். 1867-இல் பல்கலைக்கழகம், மருத்துவமனை ஆகிய இரண்டையும் சட்டப்படி பதிவுசெய்தார். இரண்டுக்கும் அறங்காவலர்களாக உறவினர்களையும் குவேக்கர் நண்பர்களையும் தொழில் நண்பர்களையும் அமர்த்தினார். 1873 டிசம்பர் 24 அன்று, 78 வயதில், நிமோனியாவால் இறந்தார். உயிலின்படி 70 லட்சம் டாலர், சரிபாதியாக, இரு நிறுவனங்களுக்கும் போயிற்று. அமெரிக்காவில் அதுவரை தனிமனிதர் எவரும் இவ்வளவு பெரிய தொகையை அறத்துக்கு எழுதிவைத்ததில்லை.

பல்கலைக்கழகத்தைப் பற்றி அவர் விரிவாக ஒன்றும் எழுதவில்லை. மருத்துவமனையைப் பற்றி எழுதினார். இறப்பதற்குச் சில மாதங்கள் முன், 1873 மார்ச்சில், அறங்காவலர்களுக்கு எழுதிய கடிதம்தான் அவருடைய உள்ளத்தை நாம் ஓரளவு நேரடியாகக் காணும் இடம். நகரத்து ஏழை நோயாளிகளைப் பால், வயது, நிறம் பாராமல் கட்டணமின்றிச் சேர்க்க வேண்டும். பணம் தரக்கூடியவர்களையும் ஓரளவு சேர்த்துக்கொள்ளலாம். செவிலியர் பயிற்சிப் பள்ளி வேண்டும். மருத்துவமனை பின்னால் வரும் மருத்துவக் கல்லூரியின் பகுதியாக வேண்டும். கட்டடச் செலவை மூலதனத்தில் கைவைக்காமல் வருமானத்திலிருந்தே செய்ய வேண்டும். கடைசி நிபந்தனை மளிகைக் கடைக்காரருடையது. அதனால்தான் 1877-இல் தொடங்கிய கட்டடம் 1889 மே மாதம்வரை இழுத்தது. திறந்தபோது கடனும் இல்லை.

அதே கடிதத்தில் இன்னொரு கட்டளையும் இருந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஓர் அநாதை இல்லம், 300 அல்லது 400 பேர் தங்கும்படியாக. இதன் எடையை உணர அன்றைய மேரிலாந்தைப் பார்க்க வேண்டும். 1864 நவம்பர் 1 அன்று அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்த மறுநாளே பழைய எசமானர்கள் பிள்ளைகளை வண்டி வண்டியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், 'தொழில் பழக்குகிறோம்' என்ற பெயரில் வயது வரும்வரை தங்களிடமே எழுதி வாங்கிக்கொண்டார்கள். பெற்றோர் உயிரோடு இருந்தும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இப்படிக் கட்டுண்டார்கள். எலிசபெத் டர்னர் என்ற பெண்ணின் வழக்கில் தலைமை நீதிபதி சேஸ் 1867-இல் இதைச் செல்லாது என்று தீர்த்தார். அந்தச் சூழலில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் கட்டச் சொன்னது ஒப்புக்குச் செய்த தர்மம் அல்ல. நகரின் கண்முன் இருந்த ஒரு கொடுமை தெரிந்தவர் எழுதிய வரி அது.

கொடை கைமாறிய பிறகு

பல்கலைக்கழகம் 1876-இல் திறந்தது. தலைவர் டேனியல் கில்மன் ஜெர்மானிய முறையில் ஆராய்ச்சியை முன்னிறுத்தினார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் போக்கே அதனால் மாறியது. மருத்துவமனையில் வெல்ச், ஆஸ்லர், ஹால்ஸ்டெட், கெல்லி என்ற நால்வர் நவீன மருத்துவக் கல்விக்கு அடித்தளமிட்டார்கள். இந்தப் புகழ் எல்லோரும் அறிந்தது. நிறுவனரின் விருப்பங்கள் என்னவாயின என்பது அவ்வளவாக அறியப்படாதது.

பல்கலைக்கழகத்தின் பணம் பெரும்பாலும் ரயில்வேப் பங்குகளில் இருந்தது; அவற்றை விற்க வேண்டாம் என்று நிறுவனரே அறிவுறுத்தியிருந்தார். 1880-களின் பிற்பகுதியில் ரயில்வே லாபப்பங்கு நின்றது, பல்கலைக்கழகம் தள்ளாடியது. மருத்துவக் கல்லூரி தொடங்கப் பணமில்லை. அப்போது முன்வந்தவர் ரயில்வேத் தலைவர் கேரட்டின் மகள் மேரி எலிசபெத் கேரட். தோழியரோடு சேர்ந்து 5 லட்சம் டாலர் திரட்டி, அதில் பெரும்பகுதியைத் தானே கொடுத்தார். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். 1893-இல் முதல் வகுப்பில் 18 பேரில் மூவர் பெண்கள். கலைப் பிரிவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கிறிஸ்டீன் லாட்-ஃபிராங்க்ளின் 1882-இல் ஆய்வை முடித்தும் பட்டம் 1926-இல்தான் கைக்கு வந்தது.

நிறத்தில் கதை இன்னும் கடினம். 1887-இல் கெல்லி மில்லர் என்ற கறுப்பின மாணவர் கணிதத்தில் உயர்படிப்புக்குச் சேர்ந்தார். கட்டணம் உயர்ந்ததும் 1889-இல் வெளியேறினார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் கதவு கறுப்பின மாணவர்களுக்கு ஏறக்குறைய மூடியே இருந்தது. இளநிலையில் முதல் கறுப்பின மாணவர் 1945-இல்தான் சேர்ந்தார். மருத்துவமனை கறுப்பின நோயாளிகளைச் சேர்த்தது. ஆனால் தனிக் கூடங்களில் வைத்தது. 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் சிகிச்சைக்கு வந்ததும் அப்படிப்பட்ட ஒரு கூடத்துக்குத்தான். அவருடைய புற்றுத் திசுவிலிருந்து அவருக்குத் தெரியாமல் எடுத்து வளர்த்த செல்கள் உலக ஆய்வகங்களுக்கெல்லாம் போயின. நிறம் பாராமல் என்ற வரியை, சேர்க்கும் வாசலோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அநாதை இல்லம் 1870-களில் தொடங்கியது. 300 பிள்ளைகள் என்ற அளவை அது ஒருபோதும் நெருங்கவில்லை. போகப்போகப் பெண்பிள்ளைகளை வீட்டுவேலைக்குப் பழக்கும் இடமாகச் சுருங்கி, 1920-களில் மறைந்தது. பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் உலகப் புகழ் பெற்ற அதே அரை நூற்றாண்டில், அதே மனிதரின் மூன்றாவது விருப்பம் சத்தமில்லாமல் மூடப்பட்டது.

எதை ஏற்பது

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது சில முடிவுகளுக்கு வரலாம். ஹாப்கின்ஸ் அடிமை ஒழிப்புப் போராளி என்ற பட்டம் இன்றுள்ள சான்றுகளால் நிற்கவில்லை. அதைக் கைவிட வேண்டும். 1850-இல் அடிமைகளின் உழைப்பு அவருக்குப் பயன்பட்டது என்பது, உடைமை பற்றிய வாதம் எப்படி முடிந்தாலும், மாறப்போவதில்லை. 1873-இல் அவர் கறுப்பின நோயாளிகளுக்கும் பிள்ளைகளுக்கும் எழுதிவைத்தது, அவருடைய வகுப்பைச் சேர்ந்த வெள்ளை வணிகர்கள் பலரும் செய்யாதது. பின்னது முன்னதைத் துடைத்துவிடாது. முன்னது பின்னதைப் பொய்யாக்காது. 23 ஆண்டு இடைவெளியில், ஒரு போருக்கும் ஒரு சட்டத்துக்கும் அப்பால், ஒரு மனிதர் மாறியிருக்கலாம். மாறினாரா என்று சொல்லும் கடிதம் ஒன்று கிடைத்தால் நல்லது. அது கிடைக்காதவரை மாற்றத்தைக் கதையாக்காமல் இருப்பதே நேர்மை.

ஆனால் வாதம் முழுவதும் ஒரு தனிமனிதர் நல்லவரா கெட்டவரா என்பதிலேயே சுழல்வதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. இறந்தவரைப் பற்றிய தீர்ப்பு யாரிடமும் எதையும் கேட்பதில்லை. அவருடைய கடிதம் கேட்கிறது. அந்தக் கடிதத்தை அறங்காவலர்கள் கையில் வைத்திருந்தார்கள். அதில் கட்டடத்தையும் கல்லூரியையும் பற்றிய வரிகளை அச்சுப் பிசகாமல் நிறைவேற்றினார்கள். நிறத்தையும் அநாதைப் பிள்ளைகளையும் பற்றிய வரிகளை இளக்கி, சுருக்கி, கடைசியில் மறந்தார்கள். மறந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், 1929-இல், கறுப்பின மக்களின் நண்பர் என்ற நிறுவனரின் பெருமையை அவர்கள் பதிப்பகமே அச்சிட்டது. அந்தப் பெருமை நிறுவனரைவிட நிறுவனத்துக்கே தேவைப்பட்டது. செய்யாத கடமைக்கு ஈடாக ஒரு பரம்பரைப் புகழ் அவர்களுக்குக் கிடைத்தது.

ஆகவே 2020 அறிவிப்பை நிறுவனரின் குற்றப் பத்திரிகையாக மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும். கொடையாளர் எங்கிருந்து சம்பாதித்தார் என்று கேட்பது ஆய்வின் முதல் பாதி. கொடையை வாங்கியவர்கள் அதை யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்கு மறுத்தார்கள் என்று கேட்பது இரண்டாம் பாதி. ஹாப்கின்ஸின் சொந்தக் காகிதங்கள் மறைந்துவிட்டதால் முதல் கேள்விக்கு முழு விடை கிடைக்காமலே போகலாம். இரண்டாம் கேள்விக்கான காகிதங்கள் நிறுவனத்தின் அலமாரிகளிலேயே இருக்கின்றன: சேர்க்கைப் பதிவேடுகள், கூடங்களின் பட்டியல்கள், அறங்காவலர் கூட்டக் குறிப்புகள், இல்லத்துக் கணக்குகள். அங்கே பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் பெயர் உண்டு. ஆய்வு இனிப் போகவேண்டிய திசை அதுவே.